பிள்ளைகளும் கொடுக்கல் வாங்கலும்

ஏழு வயதில் பிள்ளையைத் தொழச் சொல்கிறோம். பத்து வயதில் தொழாவிட்டால் கண்டிக்கிறோம். ஒளூவின் ஃபர்ளு எத்தனை, குளிப்பின் ஃபர்ளு எத்தனை என்று மக்தபில் மனனம் செய்ய வைக்கிறோம். பாலிகானதும் இவை கடமையாகிவிடும். அந்த நாளில் பிள்ளை திகைத்து நிற்கக் கூடாது என்பதற்காகவே இந்த முன்பழக்கம். ஆனால் அதே வயதை ஒட்டி வேறொரு பொறுப்பும் பிள்ளையின் தலையில் வந்து இறங்குகிறது. விற்றால் அது விற்பனையாகிறது. வாங்கினால் கடனாகிறது. தான் சொன்ன சொல்லுக்குத் தானே பிணையாக வேண்டியிருக்கிறது. இதற்காக நாம் அந்தப் பிள்ளைக்கு எதைப் பழக்கியிருக்கிறோம்?

பெரும்பாலான வீடுகளில் ஒன்றுமே பழக்கவில்லை என்பதுதான் உண்மை. "படிக்கிற பிள்ளைக்குப் பணப் பேச்சு எதற்கு?" என்கிறார் வாப்பா. "கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறேன், பாவம்" என்கிறார் உம்மா. வாப்பா வளைகுடாவில் உழைக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மாதா மாதம் வங்கிக்குப் பணம் வருகிறது. விடுமுறைக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வருகிறது. அந்தப் பணத்துக்குப் பின்னால் இருக்கும் வெயிலும், அடுக்குக் கட்டிலும், ஓவர்டைம் கணக்கும் பிள்ளையின் கண்ணுக்குப் படுவதே இல்லை. பணம் என்பது கேட்டால் வருவது என்ற ஒரே பாடத்தைத்தான் அந்தப் பிள்ளை பதினேழு ஆண்டுகளாகப் படித்திருக்கிறது.

அல்லாஹுத் தஆலா நிஸா அத்தியாயத்தின் 6-ஆவது வசனத்தில் அநாதைகளின் பொருளைப் பற்றிப் பேசுகிறான். அவர்கள் திருமண வயதை எட்டும் வரை அவர்களைச் சோதித்து வருமாறும், அவர்களிடம் ருஷ்து எனும் புத்தித் தெளிவைக் கண்டால் அவர்களின் பொருளை அவர்களிடம் ஒப்படைக்குமாறும், ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் பொறுப்பாளர்களுக்குக் கட்டளை இடுகிறான். இங்கே ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வயது வந்துவிட்டது, ஆகவே கொடுத்துவிடு என்று கட்டளை இல்லை. வயதோடு தெளிவும் வேண்டும். அந்தத் தெளிவு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வேலை பெரியவர்கள்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. பிள்ளை தேறவில்லை என்றால், நாம் சோதித்தோமா என்ற கேள்வி முதலில் நம்மிடம்தான் கேட்கப்படும். தகப்பன் இல்லாத பிள்ளைக்கே இவ்வளவு ஏற்பாடு என்றால், தகப்பன் உயிரோடு இருக்கும் பிள்ளையைச் சோதிக்காமல் விடுவதற்கு என்ன சாக்குச் சொல்வோம்?

இந்தச் சோதனையை எப்படி நடத்துவது என்பதை ஃபிக்ஹுக் கிதாபுகள் விட்டுவிடவில்லை. அதற்கென்றே ஹஜ்ரு என்றொரு பாடம் இருக்கிறது. மதரஸாவில் அதை ஓதாமல் யாரும் ஆலிமாவதில்லை. பயானில் அதைக் கேட்ட பொதுமக்களோ மிகச் சிலர். ஹிஜ்ரி 676-இல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் ஷாபிஈ மத்ஹபில் தலையாய நூல்களில் ஒன்று. அதில் அவர்கள் சொல்லும் முறை இது: வியாபாரியின் மகனை வாங்குவதிலும் விற்பதிலும், அவற்றில் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் மகனைப் பயிர்த் தொழிலிலும், அதில் வேலை செய்பவர்களுக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும். கைத்தொழில் செய்பவரின் மகனை அந்தத் தொழிலுக்கு உரியவற்றில் சோதிக்க வேண்டும். பெண் பிள்ளையைப் பஞ்சு, நூற்பு முதலியவற்றிலும், பூனை போன்றவற்றிடமிருந்து உணவைப் பாதுகாப்பதிலும் சோதிக்க வேண்டும். (அடுக்களையில் பால் சட்டியைப் பூனையிடம் பறிகொடுத்த வீட்டார்க்கு இந்தக் கடைசிச் சொல்லின் அருமை விளங்கும்.) ஒரு தடவை சோதித்தால் போதாது, இரண்டு முறையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். அதுவும் பாலிகாவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டுத் தொழிலே பாடப்புத்தகம் என்பது இதன் கருத்து. ஏட்டில் எழுதிக் கேட்கும் பரீட்சையாக இமாமவர்கள் இதை வைக்கவில்லை. கையில் பொருளைக் கொடுத்துப் பார்ப்பதாக வைத்திருக்கிறார்கள். கொடுத்தால் கொஞ்சம் நஷ்டமாகத்தான் செய்யும். ஆகட்டும். பதினான்கு வயதில் இருபது ரூபாய் நஷ்டப்பட்டுப் பாடம் கற்பது, இருபத்தாறு வயதில் இரண்டு லட்சத்தைத் தொலைத்துக் கற்பதை விட மலிவு.

மத்ஹபுகளுக்கிடையே இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அது நம் காரியத்துக்கு உதவுவதால் சொல்லிவிடுகிறோம். ஷாபிஈ மத்ஹபின் சரியான சொல்படி, பாலிகாகாத பிள்ளை செய்யும் வியாபார ஒப்பந்தம் செல்லாது. பிள்ளை பேரம் பேசி விலையை முடிக்கலாம். ஒப்பந்தத்தை வலீ செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபிலோ, நன்மை தீமை பிரித்தறியும் பிள்ளை வலீயின் அனுமதியோடு செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லும். ஆகவே ஹனஃபீ வீட்டுப் பிள்ளையைக் கடைக்குத் தனியே அனுப்பிப் பழக்கலாம். ஷாபிஈ வீட்டுப் பிள்ளைக்கு வாப்பாவோ வலீயோ பக்கத்தில் நின்று பழக்க வேண்டும். இரண்டு வகையிலும் பேரத்தைப் பேசுவது பிள்ளைதான். வயது வந்தும் தெளிவு வராதவன் விஷயத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், 25 வயதானதும் அவன் பொருளை அவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும், தெளிவு வரும் வரை கொடுக்கக் கூடாது என்றார்கள். நம் நாட்டுச் சட்டமோ 18 வயது நிரம்பியதும் எவரையும் கேட்காமல் கையெழுத்திட வைத்துவிடுகிறது. ஆகவே நமக்கு இருக்கும் அவகாசம் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளே.

பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தர மாட்டார்களா என்று சிலர் கேட்கலாம். முன்பு பள்ளிகளில் சஞ்சயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது. பிள்ளைகள் நாலணா எட்டணா போட்டுவைப்பார்கள். இப்போது ரிசர்வ் வங்கியும், செபி முதலான அமைப்புகளும் சேர்ந்து நிறுவிய தேசிய நிதிக்கல்வி மையம் மாணவர்களுக்குப் பாடமும் தேர்வும் நடத்துகிறது. நல்ல காரியம்தான், கிடைத்தால் பிள்ளைகளை அனுப்பலாம். ஆனால் அங்கே ஹலால் எது, ஹராம் எது என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள். வைப்பு நிதிக்கு வட்டி கிடைக்கும் என்று சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். மிச்சத்தை வீடுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் எங்கிருந்து தொடங்குவது? ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து தொடங்கலாம். பிள்ளைக்கு மாதம் ஒரு தொகையை, வீட்டு வசதிக்கேற்ப, முதல் தேதியே மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். பஸ் காசு, பேனா, ஜெராக்ஸ், பள்ளிக்கூட வாசல் தின்பண்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நோட்டில் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்தி. இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் மீதிப் பத்து நாளைக்குத் தின்பண்டம் இல்லை. பஸ் காசு மட்டும் கொடுக்கலாம். இந்த இடத்தில்தான் தாய்மார்கள் மனம் இளகி முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார்கள். அன்பின் காரணமாகத்தான் செய்கிறார்கள், ஐயமில்லை. ஆனால் அவிழ்த்த முடிச்சோடு பாடமும் போய்விடுகிறது.

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் ஒரு மாத மளிகைப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கலாம். சிட்டை எழுதுவது, இரண்டு கடையில் விலை கேட்பது, அரிசி எத்தனை நாளைக்கு வருகிறது என்று பார்ப்பது, இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் மின்கட்டணத்துக்கு ஒதுக்கிவைப்பது என்று எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையே செய்யட்டும். ஆண் பிள்ளைக்கும் இது பொருந்தும். பெண் பிள்ளையை வங்கிக்கு அழைத்துப் போகவும் வேண்டும். மஹர் அவளுடைய சொத்து என்பது நிஸா அத்தியாயத்தின் 4-ஆவது வசனம் கொடுத்த உரிமை. தன் மஹரும் தன் நகையும் எங்கே, எந்தப் பெயரில், எந்த அடகுக் கடையில் இருக்கின்றன என்றே தெரியாமல் முதுமை வரை வாழ்ந்துவிடும் பெண்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர்! அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகக் குழுவுக்குச் சரக்கு அனுப்பி இலாபக் கணக்குப் பார்த்தவர்கள் என்று மீலாது மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். நம் மகளுக்கு வங்கியில் பணம் போடும் சீட்டை நிரப்பத் தெரியுமா என்றும் பார்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 10 வயது நிரம்பிய பிள்ளை, வங்கி வைக்கும் வரம்புக்குள், தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம். அந்தக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க வழியில்லை. பழக்குவதற்கு இது ஏற்றது. கணக்கில் சேரும் வட்டியைத் தன் உபயோகத்துக்கு எடுக்காமல், நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நம் உலமாக்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிள்ளையின் கையாலேயே கணக்கிட்டுப் பிரித்தெடுக்கச் செய்தால், வட்டி என்றால் எது என்பது மனத்தில் தங்கிவிடும்.

இனி, கடன். மற்றவற்றில் தவறினால் பணம் போகும். கடனில் தவறினால் மானமும் நிம்மதியும் சேர்ந்து போகும். நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே கடனை விட்டுப் பாதுகாப்புத் தேடியவர்கள். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழுவிக்காமல் தாமதித்து, அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். ஆனால் எந்தக் கடன் எப்படிக் கழுத்தை நெரிக்கிறது என்ற கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

எட்டாம் வகுப்பிலேயே கூட்டு வட்டிக் கணக்கைப் பிள்ளை போடுகிறது. முழு மதிப்பெண்ணும் வாங்குகிறது. அதே கணக்கை நம் தெருவில் போடச் சொல்ல வேண்டும். 10 வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து என்று, 10,000 ரூபாய் வாங்கி, வட்டியும் கட்டாமல் அது முதலோடு சேர்ந்துகொண்டே போனால் பன்னிரண்டு மாதத்தில் எவ்வளவு? 31,384 ரூபாய். பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 130-ஆவது வசனம் பன்மடங்காகப் பெருகும் வட்டியை ஏன் தடுத்தது என்பது அந்தக் காகிதத்திலேயே தெரியும்.

தண்டல் கணக்கு இன்னும் தந்திரமானது. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாளில் அடைக்க வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே, பரவாயில்லை" என்று சிறு வியாபாரி நினைக்கிறார். ஆனால் தினமும் கட்டிக்கொண்டே வருவதால் அந்த 8,500 ரூபாய் முழுவதும் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் பாதி, அதாவது 4,250 ரூபாய்தான் இருக்கிறது. 4,250 ரூபாய்க்கு நூறு நாளில் 1,500 என்றால் நூற்றுக்கு 35. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 125-க்கும் மேல். அந்தி நேரத்தில் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் காட்டுவது, ஒரு மணி நேர பயானை விட அதிகம் வேலை செய்யும். தமிழ்நாட்டில் கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் வந்தது. என்றாலும் தடுக்கும் முதல் கை வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

படித்த பிள்ளைகளைப் பிடிக்கும் வலை வேறு. "வட்டியில்லாத் தவணை" என்று போன் கடையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லி அத்தகைய திட்டங்களைத் தடுத்தது. அதன் பிறகு பெயர் மாறி வந்தது. ரொக்கத்துக்கு வாங்குபவருக்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடியைத் தவணைக்காரருக்குக் கொடுக்காமல் அதை வட்டிக்கு ஈடு கட்டுவது ஒரு வகை. பரிசீலனைக் கட்டணம் என்று தனியே வாங்குவது இன்னொரு வகை. ஷரீஅத்தில் தவணை வியாபாரம் கூடும். ரொக்கத்தை விடத் தவணைக்கு விலை கூடுதலாக இருந்தாலும், ஒரே விலையைப் பேசி முடித்துவிட்டால் கூடும் என்பதே பெரும்பாலான இமாம்களின் சொல். ஆனால் விற்றவர் ஒருவர், கடன் கொடுத்தவர் வேறொருவர் என்று ஆகி, கொடுத்ததற்கு மேல் வாங்கினால் அது வட்டி. தவணை தாமதமானால் தண்டம் என்று கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வதும் அப்படியே. ஆகவே கடையில் நிற்கும் பிள்ளை மூன்று கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்: ரொக்க விலை என்ன? மொத்தமாக நான் எவ்வளவு கட்டுவேன்? ஒரு நாள் தாமதமானால் என்ன? பதில் சொல்லத் தயங்கும் கடையிலிருந்து இறங்கி வந்துவிடலாம்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை, ஊரும் பேரும் விட்டுச் சொல்கிறோம். வாப்பா வெளிநாட்டில். மகன் பதினோராம் வகுப்பு. போனில் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கொஞ்சம் விட்டான். விட்டதைப் பிடிக்க, வீட்டில் கிடந்த வாப்பாவின் பழைய போனையும் பான் அட்டையையும் வைத்து, கடன் தரும் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கேட்டான். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 3,200. ஏழாம் நாள் 5,000 கட்டச் சொன்னார்கள். அதை அடைக்க இன்னொரு செயலி. அதை அடைக்க மூன்றாவது. போனில் இருந்த உறவினர் எண்களையெல்லாம் அவர்கள் எடுத்துவைத்திருந்தார்கள். மாமாவுக்கும் சாச்சாவுக்கும் அசிங்கமான செய்திகள் போயின. உம்மாவின் இரண்டு வளையல் விற்றாயிற்று. அதற்குப் பிறகும் தொல்லை நிற்கவில்லை. அந்தத் தாய் நம்மிடம் வந்து பணம் கேட்கவில்லை. "ஹஜ்ரத், பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். இந்தக் கடன் அவன் கழுத்தில் கியாமத் வரை கிடக்குமா?" என்று கேட்டார்.

பகரா அத்தியாயத்தின் 279-ஆவது வசனப்படி, கொடுத்தவருக்கு உரியது முதல் மட்டுமே என்று சொன்னோம். கைக்கு வந்த தொகையைக் கணக்குப் பார்த்தபோது, அதற்கு மேலேயே கட்டியாகிவிட்டது. நாட்டுச் சட்டத்திலும் 18 நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது. 1903-இலேயே பிரிவி கவுன்சில் மோஹரி பீபீ வழக்கில் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. 1930 என்ற எண்ணுக்குப் பேசி இணையக் குற்றப் பிரிவில் புகாரும் கொடுக்கச் செய்தோம். இனி ஒரு காசும் அனுப்ப வேண்டாம் என்றோம். வாப்பாவின் அட்டையை அனுமதியின்றி எடுத்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பையனிடமும் சொன்னோம், கேட்டான். பிறகு அந்தத் தாயிடம் தனியே ஒன்று கேட்டோம்: முதல் நாள் முந்நூறு ரூபாய் விட்டபோதே அவன் உங்களிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "அடி வெளுத்திருப்பேன்" என்றார் அவர், மறைக்காமல்.

பணத்தில் தவறிய பிள்ளை முதல் நாளே வீட்டில் வாய் திறக்கும்படி வைத்துக்கொள்வதுதான் மற்ற எல்லாப் பாடத்துக்கும் முந்தியது என்பது நம் எண்ணம். நோட்டில் வரவு செலவு எழுதும் பழக்கம் இருக்கும் வீட்டில், "இந்த முந்நூறு எங்கே?" என்ற கேள்வி இயல்பாகவே மாதக் கடைசியில் வந்துவிடும். அடிக்குப் பயந்து மறைத்தால் செயலிக்காரன்தான் துணைக்கு வருவான். பணம் வைத்து ஆடும் ஆட்டம் மாயிதா அத்தியாயத்தின் 90-ஆவது வசனம் விலக்கிய சூதாட்டம் என்பதில் இரு கருத்தில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. என்றாலும் தடை செய்த சரக்குக்குப் பின்வாசல் எப்போதும் உண்டு.

போனில் பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. "உங்களுக்குப் பணம் வருகிறது, எண்ணை அழுத்துங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். இரண்டாவது, கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, ஆயிரம் ரூபாய் தருகிறோம்" என்று கல்லூரி வாசலில் கேட்கிறார்கள். அது யாரோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கும். முதலில் காவல்துறை தேடி வருவது கணக்குக்கு உரிய பிள்ளையைத்தான். அமானிதம் பேணுவது என்ற தலைப்பில் இதையும் சேர்த்துச் சொல்வது இன்றைய மக்தப் உஸ்தாதுகளின் கடமை.

சேமித்த பணத்தைப் பெருக்குவது பற்றியும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஓரளவு தெரிய வேண்டும். 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் சரிந்தது. ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டிய நிறுவனம் அது. ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் மகளின் நிக்காஹுக்கும் ஹஜ்ஜுக்கும் வைத்திருந்ததை இழந்து தெருவில் நின்றன. அரபுப் பெயரும் தாடியும் தொப்பியும் ஒரு வியாபாரத்தை ஹலாலாக்கிவிடாது. முளாரபா என்றால் என்ன என்று ஒரு வரி தெரிந்திருந்தாலே போதும்: ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார், வரும் இலாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று பங்கு பேசிக்கொள்கிறார்கள், நஷ்டம் வந்தால் முதலுக்கு உரியவர் தாங்குகிறார். போட்ட முதலுக்கு மாதம் இத்தனை ரூபாய் நிச்சயம் என்றால் அந்த ஒப்பந்தம் முளாரபா ஆகாது. "எந்த வியாபாரம்? கணக்கு எங்கே? நஷ்டம் வந்தால் யாருக்கு?" என்று கேட்கும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் வாப்பாவின் பணமும் தப்பும். மார்க்கச் சட்டம் தெரியாதவர் நம் சந்தையில் விற்க வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாகத் திர்மிதீயில் வருகிறது. விற்பவருக்குச் சொன்னது வாங்குபவருக்கும் பொருந்தும். சீட்டுப் பிடிக்கும் தாய்மார்களும் இங்கே கொஞ்சம் கவனிக்கவும்: எல்லாரும் சமமாகப் போட்டுச் சமமாக எடுக்கும் குலுக்கல் சீட்டு வேறு, தள்ளிக் கேட்டு எடுக்கும் ஏலச் சீட்டு வேறு. பின்னதில் வட்டி நுழைந்துவிடுகிறது.

இப்படியெல்லாம் எச்சரித்துப் பிள்ளையைக் கருமியாக்கிவிடவும் கூடாது. ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆவது வசனம் வீண் விரயத்தையும் கருமித்தனத்தையும் ஒன்றாகவே விலக்குகிறது. தர்மம் கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் வரலாறு அபூதாவூதில் இருக்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது என்று அண்ணலார் (ஸல்) கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும் என்றார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தாமே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இன்னொருவர் இரண்டு என்றார். இரண்டுக்கு விற்று, ஒன்றைக் குடும்பத்தின் உணவுக்கும், மற்றொன்றைக் கோடரி வாங்கவும் கொடுத்தார்கள். தம் கையாலேயே அதற்குக் காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பத்துத் திர்ஹத்தோடு அவர் வந்தார். இரண்டு திர்ஹத்தில் ஒன்று இன்றைய வயிற்றுக்கு, ஒன்று நாளைய உழைப்புக்கு. கையில் வரும் நூறு ரூபாயை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும் பிள்ளைக்கு இதை விடத் தெளிவான பாடம் நமக்குத் தெரியவில்லை.

பிள்ளையிடம் கணக்குக் கேட்கும் வாப்பா, தன் கணக்கையும் ஓரளவு காட்ட வேண்டும். ஜமல் போரின் நாளில் ஸுபைர் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடன்களைப் பற்றித்தான் பெரிதும் கவலைப்பட்டுப் பேசினார்கள் என்று புகாரீயில் காண்கிறோம். மக்கள் அவர்களிடம் அமானிதமாகப் பணம் கொண்டுவந்தால், தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, கடனாகவே பெற்றுக்கொள்வார்களாம். அப்படிச் சேர்ந்தது 22 லட்சம். மகனார் கணக்கெடுத்தார்கள், நிலத்தை விற்றார்கள், அடைத்தார்கள். அதன் பிறகும் வாரிசுகள் பங்கு கேட்டபோது, ஸுபைருக்குக் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வரட்டும் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்துவிட்டே பங்கு வைத்தார்கள். நம்மில் எத்தனை பேரின் மகன்களுக்கு நாம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தெரியும்? ஜனாஸாவின் அருகில் நின்று, "மைய்யித்திடம் பாக்கி உள்ளவர்கள் சொல்லுங்கள்" என்று மகன் கேட்கும்போது, அவன் முகத்தில் தெரியும் திகைப்பைப் பல ஊர்களில் பார்த்துவிட்டோம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டின் வருமானமும் கடனும் தெரிவதால் வீட்டின் மானம் போய்விடாது.

கடைசியாக, பெருநாள் காசு. பெருநாளைக்கு மூத்தவர்கள் கொடுக்கும் புது நோட்டுகளை, "உம்மா வைத்திருக்கிறேன்" என்று வாங்கி வைக்கிறோம். பிறகு அது பால்காரருக்குப் போய்விடுகிறது. பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது பிள்ளையின் சொத்து. வலீ அதைப் பிள்ளையின் நலனுக்காகவே கையாள வேண்டும். நன்னி போட்ட அரைப் பவுன் மோதிரமும் அப்படியே. பிள்ளையின் பெயரில் நிஸாபை எட்டும் அளவுக்குப் பொருள் சேர்ந்து ஓராண்டு நிறைந்துவிட்டால், ஷாபிஈ மத்ஹபில் வலீ அதிலிருந்து ஜகாத் கொடுக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் பாலிகாகும் வரை கடமையில்லை. தத்தம் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் ஆண்டுவாரியாக ஒரு நோட்டில் எழுதி வரவும். யார் கொடுத்தது, எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று எழுதினால் போதும். பிள்ளைக்கு 18 நிரம்பி, வங்கிக் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்றும் வாரத்தில், மாமாவையோ பெரிய வாப்பாவையோ இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்து, அந்த நோட்டையும் பொருளையும் பிள்ளையின் முன்னே வைத்து ஒப்படையுங்கள். ஆயத்தில் சொல்லப்பட்ட சாட்சிகள் அவர்களே. பெற்றுக்கொண்டேன் என்று பிள்ளை அதன் கீழே எழுதிக் கையெழுத்திடட்டும்.